கழுத்தில்தான் வேலை

பூக்கிழங்குக்கான கண்ணாடிக் குடுவைகளை வடிவமைப்பது என் வேலை. மண்ணே இல்லாமல், தண்ணீருக்கு மேலே ஹயசிந்த் கிழங்கை உட்காரவைத்து வீட்டுக்குள் பூக்கவைக்கும் குடுவைகள் இவை. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டவை. கையில் எடுப்பவர்கள் நிறத்தையும் வயிற்றின் வளைவையும் பற்றித்தான் பேசுவார்கள். என் கவலையெல்லாம் கழுத்தில்.

கிழங்கின் அடிப்பகுதி தண்ணீரில் ஊறினால் அழுகிவிடும். ரொம்ப எட்டி நின்றாலும் வேர் கிளம்பாது. நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த ஈரம் போதும், வேர் தானாக இறங்கிவிடும். இதைத் தாளில் வரைவது சுலபம். கிழங்கு அதற்கு ஒத்துழைக்க வேண்டுமே! வியாபாரத்தில் சுற்றளவை வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். 15/16 என்றால் 15 முதல் 16 சென்டிமீட்டர். பெரியது 18/19. விட்டத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். கழுத்துக்கு மேலே கிழங்கு உட்காரும் பகுதியைக் கிண்ணம் என்போம். ஒரே கிண்ணத்தில் சின்னது ஆழ இறங்கும், பெரியது மேலேயே நின்றுவிடும். கிண்ணத்தின் சரிவைச் செங்குத்தாக்கினால் சின்னது ஆப்பு அடித்ததுபோல் சிக்கிக்கொள்ளும். தட்டையாக்கினால் பூங்கொத்து கனக்கும்போது செடியே சாயும்.

விற்பனைப் பிரிவினர் ஒவ்வொரு முறையும் கேட்பது, "இதுவரை தண்ணீர் ஊற்றவும் என்று ஒரு கோடு போட்டுவிடுங்களேன்." நான் இன்றுவரை சம்மதிக்கவில்லை. எந்தக் கிழங்கை வைத்துக் கோடு போடுவது?

முதல் மாதிரிகளுக்கு மரத்தில் கடைந்த உருண்டைகளைத்தான் வைத்துப் பார்ப்போம். நிஜக் கிழங்குக்கு 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இருட்டில், பத்து வாரத்துக்கு மேல் குளிர் வேண்டும். அதுவரை யார் காத்திருப்பது? ஆனால் உருண்டை எங்கே வைத்தாலும் ஒழுங்காக உட்காரும். கிழங்கோ ஒரு பக்கம் புடைத்து, பக்கத்தில் குட்டி ஒட்டிக்கொண்டு வரும். கடைசித் தீர்ப்பு அதன் கையில்தான். (ஹயசிந்த் கிழங்கைத் தொட்டால் சிலருக்குக் கை அரிக்கும். உறை போடாமல் தொடாதீர்கள்.)

சாயாமலிருக்க அடிப்பாகத்தைக் கனமாக்கினால் வேறு வம்பு. ஊதுபவர் குழாயைச் சுழற்றிக்கொண்டே அச்சுக்குள் ஊதும்போது, அடியில் கண்ணாடி திரண்டு நிற்கும், கழுத்தில் மெலியும். மெல்லிய இடம் சீக்கிரம் ஆறும், தடித்தது சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சூளையில் நிதானமாக ஆறவைக்காவிட்டால், உள்ளே தங்கிய இழுவிசையால் என்றைக்காவது ஒருநாள் காரணமே தெரியாமல் விரிசல் விடும். அடியில் இன்னும் கொஞ்சம் கனம் கேட்டு நான் போனாலே ஊதுபவர் முகம் மாறிவிடும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

நிறமில்லாத கண்ணாடியில் வெள்ளை வேர்கள் அழகாகத் தெரியும், உண்மைதான். வெளிச்சம் பட்டால் பாசியும் பிடிக்கும். அதனால் நான் கருநீலமோ பழுப்போ கேட்பேன், கேட்டது எப்போதும் கிடைக்காது. எப்படியானாலும் பாசியைத் தேய்த்தெடுக்க பாட்டில் பிரஷ் நுழைய வேண்டும், கிழங்கு நழுவி உள்ளே விழவும் கூடாது. ஹயசிந்துக்கு நான் கழுத்தின் உள்விட்டத்தை 4 சென்டிமீட்டரை ஒட்டியே வைக்கிறேன். குரோக்கஸ் கிழங்கு அதைவிட எவ்வளவோ சின்னது. அதற்கான குடுவையின் குறுகலான கழுத்தில் நுழையும் பிரஷ்ஷைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.