ஷிப்டுக்கு நூற்று இருபது ரூபாய்

கருமாதி முடிந்த மறுநாள் அவன் அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இதுல என்னென்னவோ வெச்சிருக்கான் கண்ணு. எனக்கு ஒண்ணும் புரியல. குப்பைல போடறதா, என்ன பண்றதுன்னு பாரு."

உள்ளே தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள், மாதத்துக்கு ஒரு கட்டாக ரப்பர் பேண்டு போட்டிருந்தன. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு. சிலவற்றில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரைக் கோடு. சனிக்கிழமைத் தாள்களில் மட்டும் கீழே ஓர் எண். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. கோடு என்றால் ஒரு ஷிப்ட். அரைக் கோடும் சேர்ந்தால் ஒன்றரை. சனிக்கிழமை எண், அன்று கையில் வாங்கிய சம்பளம். பதினோரு வருடத்துத் தாள்கள் அப்படியே இருந்தன. அன்றைக்கு நான் அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. டப்பாவை மூடி வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. எங்களுக்குள் பெயர் கிடையாது. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அவிநாசிப் பக்கம் ஒரே தெருவில் வளர்ந்தோம். அவனைக் குறிக்க நான் காது மடலை இரண்டு தட்டுத் தட்டுவேன். என்னைக் குறிக்க அவன் புருவத்தில் விரலால் ஒரு கோடு இழுப்பான். ஆறு வயதில் கிணற்று மேட்டில் விழுந்த தழும்பு அங்கே இருக்கிறது. வாத்தியார் என்றால் தொடையைக் கிள்ளுவது. தேர் என்றால் இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைப்பது. அவிநாசித் தேர் நகரும்போது மண் அதிர்வது அவனுக்குத்தான் முதலில் தெரியும். இப்படி ஒரு முந்நூறு ஜாடைகளாவது இருக்கும். அவன் அம்மாவுக்குச் சாப்பாடு, காய்ச்சல், தூக்கம் இவ்வளவுதான் தெரியும். 2022 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாற்பத்து மூன்று வயதில், நெஞ்சு வலி வந்து போய்விட்டான். அந்த முந்நூறு ஜாடைகளையும் அதன்பிறகு நான் யாரிடமும் பேசியதில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் செக்கிங், தைத்த துணியில் பிசிறு, குறை பார்க்கும் வேலை. கம்பெனியில் அவனை 'ஊமையன்' என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது என்பது வேறு விஷயம். 2011இல் அந்த வேலையில் சேர்த்துவிட்டவன் நான்தான். அப்போது நானும் அங்கே பவர் டேபிள் டெய்லர். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

முதலில் பி.எஃப். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். உறுப்பினர் இறந்துவிட்டால் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: கணக்கில் இருக்கும் பணம், குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், அப்புறம் இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு. மூன்றுக்கும் சேர்த்து இப்போது ஒரே விண்ணப்பம் உண்டு. ஆனாலும் பழகிய ஆட்கள் 'இருபது, பத்து டி, அஞ்சு ஐ.எஃப்.' என்று பழைய படிவ எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். பயந்துவிடாதீர்கள். எங்களைப் படுத்தியது வேறு. அவன் யாரையும் வாரிசாக நியமிக்கவில்லை. 'நாமினேஷன் போடு' என்று அவனிடம் சொன்னவர்கள் வாயால் சொல்லியிருப்பார்கள். ஆகவே வாரிசுச் சான்றிதழ். இ-சேவையில் போட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஏறி இறங்கி வந்தது. அதற்குள் அடுத்தது: ஆதாரில் ஒரு எழுத்து, பி.எஃப். கணக்கில் வேறு எழுத்து, அப்பா பெயரும் தப்பு. அதைத் திருத்தக் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரன் நானே, 'இன்னும் ஒரு செட்டா?' என்று அலுத்துப்போனேன். இ.எஸ்.ஐ.யில் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் தருவார்கள். மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

கையெழுத்துக்காகக் கம்பெனிக்குப் போனபோதுதான் கடைசி மாதச் சம்பளப் பதிவேட்டைப் பார்த்தேன். ஷிப்டுக்கு 300 ரூபாய். அதே பக்கத்தில், அதே செக்கிங் டேபிளில் நிற்கும் மற்றவர்களுக்கு 420. சில பெயர்கள் அவனுக்கு ஐந்து வருடம் பின்னால் சேர்ந்தவை.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது என்று எழுதினால் பொய். 2011இல் சேரும்போதே அவனுக்குக் குறைவு என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு முதலாளி சொன்ன கூலியை விரலில் காட்டியவன் நான். அவன் தலையாட்டிவிட்டு, டேபிளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்தான். 'இவங்களுக்கெல்லாம் எவ்வளவு?' நான் உள்ளங்கையை முன்னால் தள்ளினேன். எங்கள் ஜாடையில் அதற்கு 'அப்புறம்' என்று பொருள். வேலை கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. இரண்டு வருடத்தில் நான் அங்கிருந்து நின்றுவிட்டேன். அவன் திரும்பக் கேட்கவும் இல்லை. காலண்டர் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சிக்கலே. துக்கத்துக்கு வந்து மாலை போட்டு அழுதவர். "ஏனுங்க, நாங்க வேலை குடுத்ததே பெருசுங்க. வேற யாரு இப்படி ஆளை வெச்சுக்குவாங்க?" என்றார். தீபாவளிக்கு அவனுக்குத் தனியாகச் சட்டை எடுத்துக் கொடுத்ததைச் சொன்னார். உண்மைதான், அவனும் அந்தச் சட்டைகளை என்னிடம் காட்டியிருக்கிறான். ஷிப்டுக்கு 120 ரூபாய் பிடித்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு சட்டை.

அடுத்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். 'எங்களுக்குச் சேர வேண்டிய தொகை எதுவும் பாக்கி இல்லை.' அம்மா கைநாட்டு வைத்தால் பி.எஃப். விண்ணப்பத்தில் கையெழுத்து. வைக்கவில்லை. வெளியே வந்து, பழைய பழக்கத்தில் தெரிந்த ஒரு தொழிற்சங்கத் தோழரைப் போய்ப் பார்த்தேன்.

அவர் சொல்லித்தான் மற்ற கணக்கு எனக்கு உறைத்தது. இ.டி.எல்.ஐ. தொகை கடைசி ஒரு வருடச் சராசரி மாதச் சம்பளத்தின் 35 மடங்கு, அதோடு பி.எஃப். இருப்பில் ஒரு பங்கு. 300 வீதம் 26 நாளுக்கு 7,800. முப்பத்தைந்தால் பெருக்கினால் 2,73,000. 420 வீதம் 10,920, பெருக்கினால் 3,82,200. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி. பதினோரு வருடத்துக்கு ஒரு கணக்கில் 49,500, இன்னொன்றில் 69,300. ஓய்வூதியமும் சம்பளத்தை வைத்துத்தான். உயிரோடு இருந்தவரை சனிக்கிழமை சனிக்கிழமை பிடித்தது, செத்த பிறகும் மொத்தமாக ஒரு தடவை பிடித்துக்கொள்கிறது. அந்த ராத்திரி கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை சுடுகாட்டில் வரவில்லை, அங்கேதான் வந்தது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1948. (அப்போது அதுதான் நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது.) அதில் பிரிவு 20இன்படி குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்டு மனுப் போட முடிந்தது. வித்தியாசத் தொகையோடு, பத்து மடங்கு வரை இழப்பீடும் போட அதிகாரிக்கு உரிமை இருந்தது. ஆனால் கூலி கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டியிருந்தது. நாங்கள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து மனுப் போட்டது அக்டோபர் கடைசியில். ஆகவே கணக்கில் வந்தது ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைதான். பதினோரு வருடத்தில் மூன்றரை மாதம்! தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. 'காது கேட்காது, யாரும் சொல்லவில்லை' என்பது பத்து வருடத்துக்குக் காரணமாகுமா என்று தோழருக்கே நம்பிக்கையில்லை. இன்னொன்றும் சொன்னார்: இந்தப் பிரிவில் கேட்க முடிவது அரசு நிர்ணயித்த கூலிக்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான். பக்கத்து ஆளுக்குச் சமமாகக் கேட்பது வேறு. அதற்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருக்கிறது. அதை மீறினால் முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரை. அதைச் சொல்லும்போது தோழரே சிரித்துவிட்டார். மனுவில் அரசுக் கூலியை எழுதுவோம், பேச்சில் 420ஐ விடாமல் பிடிப்போம் என்று முடிவானது. (420 என்ற எண்ணுக்கு நம் ஊரில் இருக்கும் அர்த்தம் எனக்கும் தெரியும். நாங்களாகத் தேர்ந்தெடுத்ததில்லை.)

தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதல் வாய்தாவுக்குக் கம்பெனி ஆள் வரவில்லை. இரண்டாவதில் ஒரு ஆலோசகர் வந்தார். "சார், ஊனமுற்றவங்களுக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்கு" என்று ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அது உண்மை. அந்தச் சட்டத்தின் பிரிவு 26: ஊனமுற்ற ஊழியர்களின் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசு உத்தரவிடலாம் என்றிருந்தது. தோழர் எழுந்து ஒரே கேள்வி கேட்டார். "உத்தரவு எங்கே?" விலக்கு தருவது அரசு. அரசாணை இல்லாமல் முதலாளி தானாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆலோசகர் அடுத்த வாய்தாவில் தருவதாகச் சொன்னார். தரவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1938ஆம் வருடத்துச் சட்டத்திலேயே 14(சி) என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். சான்றிதழ் வாங்கிக்கொண்டால் ஊனமுற்றவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம். அவன் பிசிறு பார்த்து அனுப்பிய டீ-சர்ட்டில் பாதி அந்த ஊருக்குத்தான் போகும்.

மூன்றாவது வாய்தாவில் ஷிப்ட் எத்தனை என்று தகராறு வந்தது. பதிவேட்டில் ஒன்றரை ஷிப்டுகள் சரியாக ஏறவில்லை. (ஒன்றரை ஷிப்டின் அந்தப் பாதிக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. அது தனிக் கதை.) டப்பாவைத் திறந்து ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான கட்டுகளை அதிகாரி மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். முன்பக்கம் தேதி, பின்பக்கம் கோடு. சனிக்கிழமை எண்ணைக் கம்பெனி வவுச்சரோடு வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. 112½ ஷிப்ட். "எழுதப் படிக்கத் தெரியுமா இவருக்கு?" என்றார். ஐந்தாவது வரை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கம்பெனிப் பக்கம் திரும்பி, "பேசி முடிச்சுக்கறீங்களா, நான் உத்தரவு போடட்டுமா?" என்று கேட்டார்.

பேசித்தான் முடித்தார்கள். 112½ ஷிப்டுக்கு 120 வீதம் 13,500. இழப்பீடாக இன்னொரு 13,500. கிராஜுவிட்டி 420 கணக்கில் 69,300. பி.எஃப். விண்ணப்பத்தில் கையெழுத்து. இ.டி.எல்.ஐ. மட்டும் ஏறியிருந்த சம்பளப்படியே வந்தது. 2023 மே மாதம் கடைசிப் பணம் அம்மா கணக்கில் ஏறியது. பாஸ்புக்கில் பதிந்து காட்டினேன். "இதெல்லாம் அவன் சம்பாதிச்சதா கண்ணு, இல்ல செத்ததுக்குக் குடுத்ததா?" என்று கேட்டார். எது எது என்று வரிவரியாக விரல் வைத்துச் சொன்னேன். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது.

கிராஜுவிட்டி ரசீதை வாங்கக் கம்பெனிக்குக் கடைசியாகப் போனது ஒரு மதியம், சாப்பாட்டு நேரம். செக்கிங்கில் இன்னொரு காது கேட்காத பெண் இருக்கிறாள். கோவையில் பள்ளிக்கூடம் போய் முறையாகச் சைகை மொழி படித்தவள். அவன் அவளிடம் சில ஜாடைகளைக் கற்றுக்கொண்டு வந்து என்னிடம் பெருமையாகக் காட்டுவான். கேட் பக்கத்தில் என்னை நிறுத்தினாள். காது மடலை இரண்டு தட்டுத் தட்டினாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அவளுக்கு அதை அவன்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பிறகு உள்ளே டேபிள் இருக்கும் திசையைக் காட்டி, காற்றில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு விரலைத் தேய்த்தாள்.

நான்கு விரல் காட்டினேன். அப்புறம் இரண்டு. அப்புறம் பூஜ்யம்.

இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினேன். சங்கு ஊதியது. மற்றவர்கள் டிபன் பாக்ஸை மூடி எழுவதைப் பார்த்துவிட்டு அவளும் உள்ளே போனாள்.