ஞாயிறு காலை யூஎஃப்சி பார்க்கமுன்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் யூஎஃப்சி (கூண்டுக்குள் நடக்கும் அமெரிக்கக் கலப்புச் சண்டைப் போட்டி) என்றால் ஞாயிறு காலைதான், அதுவும் அநேகமாகக் கைபேசியில். ஐந்தாறு மணித்தியால டேட்டாவைச் செலவழிக்கமுன் சண்டைப் பட்டியலை ஒருக்கால் பாருங்கள். தரம் உண்மையாகவே இறங்கிவிட்டது.

2016 நவம்பர் 12இல் நியூயோர்க்கில் நடந்த யூஎஃப்சி 205இல் ஒரே இரவில் மூன்று பட்டச் சண்டைகள். கிழமைக்குக் கிழமை அதைக் கேட்கவில்லை. ஆனால் ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்காக வருசத்துக்கு நாற்பதுக்கு மேல் நிகழ்ச்சி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சண்டையளவில் வைத்தால் தேறிய வீரர்கள் எப்படிப் போதும்? புது ஆக்களைத் தேர்ந்தெடுக்க 2017இல் தொடங்கிய கன்டென்டர் சீரிஸ் என்ற நிகழ்ச்சியில் ஒப்பந்தம் பெற்ற பொடியளைக் கொண்டு இடத்தை நிரப்புகிறார்கள். திறமை இருக்கிறது, பழுக்கவில்லை. முதல் ரவுண்டில் முழுப்பலத்தையும் கொட்டிவிட்டு மூன்றாவதில் கைதூக்க ஏலாமல் நிற்பார்கள்.

பட்டியலின் பிரதான பகுதியில் (மெயின் கார்ட், கடைசியாக வரும் முக்கிய சண்டைகள்) தங்கள் எடைப்பிரிவின் முதல் 15 தரவரிசைக்குள் எத்தனைபேர் என்று எண்ணுங்கள். நாலுக்குக் குறைந்தால் கடைசிச் சண்டை மட்டும் போதும். அது ஐந்து ரவுண்ட், 25 நிமிடம். லாஸ் வேகாஸ் ஏபெக்ஸ் மண்டபம் என்றால் பெரும்பாலும் மெலிந்த பட்டியல்தான். கூண்டின் அகலமும் வழமையான 30 அடியல்ல, 25 அடி. மல்யுத்தக்காரர் எதிரியை வேலியோடு அமுக்க வசதி.

வீரர்களின் எடை பார்ப்பது அமெரிக்காவில் வெள்ளி காலை, எங்களுக்கு வெள்ளி இரவு. எடை தவறிச் சண்டை ரத்தாவதும், காயத்தால் கடைசி நேரத்தில் ஆள் மாறுவதும் சாதாரணம். ஆகவே சனி பின்னேரம் இன்னொருக்கால் பட்டியலைப் பாருங்கள்.