சாட்சியின் சொல்லும் அதன் எடையும்

எங்கள் அம்மம்மாவிடம் 1990ஆம் ஆண்டுப் போரில் நடந்தவற்றைக் கேட்டால் திகதி சொல்லமாட்டார். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலின் தீர்த்தத் திருவிழாவுக்கு முன்பா பின்பா என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார். கதவை உதைத்த சத்தத்தையும் அடுப்பில் கருகிய சோற்றின் மணத்தையும் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறாமல் சொல்வார்.

ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 1998இல், இனப்படுகொலைக்காக விசாரிக்கப்பட்ட அகயேசு என்பவரின் வழக்குத் தீர்ப்பில் இதைத்தான் கவனித்தது. திகதியையும் தூரத்தையும் துல்லியமாகச் சொல்ல முடியாத சாட்சிகளை உடனே பொய்யர்களாகக் கொள்ளாமல், மனவடு, கினியருவாண்டா மொழியிலிருந்து செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு, அவர்களது பண்பாடு ஆகியவற்றையும் நீதிபதிகள் கருத்திற்கொண்டனர். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினாலே வாக்குமூலம் முரண்பட்டதாகிவிடும் என்பது எமக்குப் புதிதல்லவே.

ஆயினும் இரக்கம் வேறு, நிரூபணம் வேறு. பொஸ்னியாவின் அஹ்மிச்சி கிராமத்தில் 1993இல் நடந்த தாக்குதலின்போது 13 வயதாக இருந்த ஒரு சாட்சி, தாக்கியவர்களை உறுதியாக அடையாளம் காட்டியிருந்தார். அத்தாக்குதல் பற்றிய குப்ரெஷ்கிச் வழக்கில், முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் மேன்முறையீட்டு மன்றம் 2001இல், சாட்சியின் மனவுறுதி வேறு, அடையாளத்தின் நம்பகத்தன்மை வேறு என்று கண்டு, அந்தச் சாட்சியத்தில் தங்கிநின்ற குற்றத்தீர்ப்புகளை இரத்துச் செய்தது. அது எனக்கு வலித்தது. ஆனால் சரியென்றே கருதுகிறேன். அம்மம்மாவின் சொல்லும் ஒருநாள் இதே தராசில் வைக்கப்படவேண்டும், அதற்கு அஞ்சத் தேவையில்லை.