எதையும் தாங்காத தூண்கள்

நாகர்கோவிலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககம் இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்டது. கீழே வண்டி நிறுத்துமிடம், அதன் மேல் நான்கு மாடிகள், மாடிக்கு நான்காகப் பதினாறு வீடுகள், தெருப்பக்கம் இரும்புக் கம்பிக் கைப்பிடி வைத்த சிறிய பால்கனிகள். அதன் தோற்றம் இவ்வளவுதான். கட்டியவர் வேறு அலங்காரம் எதுவும் செய்யாவிட்டாலும், ஜன்னல்களுக்கு மேலே இரண்டடி நீளச் சன்ஷேடுகளை வைத்திருந்தார். ஆனி ஆடிச் சாரல் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை அடைமழை மறுமுறையுமாக இரண்டு பருவமழைகளையும் பெறுகிற ஊரில் அது சிறிய காரியம் அன்று.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்போர் சங்கம் இந்தக் கட்டடத்துக்கு ‘எலிவேஷன்’ செய்வது என்று தீர்மானித்தது. கட்டடத்தின் ஒரு பக்கத்தை நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல வரையும் படத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் இன்று நம் ஊரில் அது தனியாக விலை பேசி, கட்டி முடித்த சுவரின் மேல் ஒட்டப்படும் ஒரு பொருளாகிவிட்டது. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த கணினிப் படத்தில், வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு உருண்டைத் தூண்கள் நின்றன. அவற்றின் தலையில் இலைக்கொத்துகளும், அதற்கு மேல் ஒரு முக்கோண முகப்பும் இருந்தன. பால்கனிகளில் கம்பிகளை எடுத்துவிட்டுக் குடம் குடமாகக் கடைந்த சிமெண்டுக் கைப்பிடி வைத்திருந்தார்கள். மொட்டைமாடியின் தெரு விளிம்பில் மட்டும் ஓடு பதித்த ஒரு சரிவு இருந்தது. மிஞ்சிய சுவரெல்லாம் அலுமினியப் பலகை.

என்னை முதலில் அச்சுறுத்தியது அந்தப் பால்கனிக் கைப்பிடிதான். பால்கனி என்பது ஒரு பக்கம் மட்டும் கட்டடத்தைப் பற்றிக்கொண்டு, மறுபக்கம் பிடிமானம் இல்லாமல் நீண்டு நிற்கும் தளம். அறைகளின் தளத்தில் நடுப்பகுதியின் சுமையைத் தாங்கும் கம்பிகள் அடியில் இருக்கும். பால்கனியிலோ அவை மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கும். சுமை சுவரை விட்டு எவ்வளவு தள்ளி அமர்கிறதோ, அவ்வளவுக்கு அந்தக் கம்பிகளின் மீது இழுவை கூடும். கைப்பிடி அமர்வதோ கடைசி விளிம்பில். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடை கொண்டது. மெல்லிய இரும்புக் கம்பிக்கென்று கணக்கிட்ட விளிம்பில் அப்படிப்பட்ட பொருளை வரிசையாக நிறுத்துவது, இருபத்தாறு ஆண்டுகளாக மழைநீர் தேங்கித் தேங்கி மேல்கம்பிகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று யாரும் திறந்து பார்க்காத ஒரு தளத்தில் நடக்கவிருந்தது. கடல்காற்று வீசும் மாவட்டம் இது. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்டுச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும்.

வாசல் தூண்களின் சங்கதி வேறு. அவை உள்ளே வெற்றிடமான இரண்டு பாதிகள். ஏற்கெனவே நிற்கும் சதுரத் தூணைச் சுற்றிப் பொருத்தி, இணைப்பைப் பூசி மறைத்துவிடுவார்கள். இலைக்கொத்துத் தலை கிரேக்கர்களின் கொரிந்தியத் தூணுக்கு உரியது. அங்கே அந்தக் கல்தூண் மேலே கிடந்த கல் உத்தரத்தை மெய்யாகவே தாங்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. சுசீந்திரம் கோயில் பிராகாரத்தில் நடந்துகொண்டே அண்ணாந்து பார்த்தால் போதும். தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே கைநீட்டி நிற்கும் போதிகை, உத்தரம் ஆதாரமின்றிக் கடக்கும் தூரத்தைக் குறைத்துச் சுமையைத் தூணுக்குள் இறக்குகிறது; சிற்பி தன் பூவேலையைக் காட்டியது வேலை செய்கிற அந்த உறுப்பில்தான். எங்கள் வாசலில் வரவிருந்த தூண் எதையும் தாங்காது என்பது மட்டுமல்லாமல், தாங்குகிற தூணில் விரிசல் விழுந்தால் அதைக் கண்ணுக்குத் தெரியாமலும் ஆக்கிவிடும். இதைத்தான் நான் கூட்டத்தில் மூன்று முறை எழுந்து சொன்னேன்.

அலுமினியப் பலகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகைகள் வழியாகத் தீ ஏறி, 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 பேர் இறந்ததைச் சொன்னதும், அந்த வரியை அவர்களே அடித்துவிட்டார்கள்.

மொட்டைமாடி ஓட்டுச் சரிவை எதிர்க்க எனக்கே மனம் வரவில்லை, ஏனெனில் நான் ஓட்டு வீட்டில் பிறந்தவன். ஆனால் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனையைப் பாருங்கள்: கூரை சுவரைத் தாண்டி இறங்கி வந்து சாரலையும் வெயிலையும் வாங்கிக்கொள்கிறது, சாய்ந்த மரச்சட்டங்கள் காற்றை உள்ளே விடுகின்றன. பூமுகம் என்னும் வாசல் மண்டபத்தின் மரக்கூரையில் செதுக்கிய 90 பூக்களும், தெருவில் போகிறவர் கண்ணுக்காக இல்லாமல், உள்ளே வந்து நிற்கிறவர் அண்ணாந்து பார்ப்பதற்காக இருக்கின்றன. தட்டையான மாடியின் ஒரு விளிம்பில் நான்கடிக்கு ஒட்டிய ஓடு ஒரு சொட்டு மழையைக்கூடத் தடுக்காது. அதன் பின்னால் தண்ணீர் தேங்க ஒரு மூலையைத்தான் உண்டாக்கும்.

மூன்றாம் மாடியில் இருக்கும் அக்கா கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்தார். பெண் பார்க்க வந்த குடும்பம் வண்டியிலிருந்து இறங்கிக் கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்ததையும், மாடி ஏறும் முன்பே அவர்கள் முகம் மாறியதையும் சொன்னார். “தம்பி, எனக்குத் தூணும் வேண்டாம், ஓடும் வேண்டாம். அந்தப் பார்வை மட்டும் வேண்டாம்” என்றார். எலிவேஷனுக்குக் கைதூக்கிய பலருக்கும் அதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பார்வைக்குக் காரணம் உதிர்ந்த பூச்சும், படிக்கட்டின் ஈர வாடையும், எரியாத விளக்கும் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். சன்ஷேடுகளின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளக் கோடு வெட்டிவிட்டாலே, தண்ணீர் சுவரை நோக்கி வழியாமல் விளிம்பிலேயே சொட்டிவிடும். எங்கள் முன்சுவரின் கறுப்புக் கறைகளில் பாதி அந்தக் கோடு இல்லாததால் வந்தவை.

பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தபின் பால்கனிக் கைப்பிடி கைவிடப்பட்டது. ஓட்டுச் சரிவும் பணம் போதாமல் நின்றது. தூண்கள் மட்டும் வந்துவிட்டன. இந்த ஐப்பசி மழையில் வலப்பக்கத் தூணின் இணைப்பிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தரைவரை இறங்கியிருக்கிறது. அந்தத் தூணின் அடிப்பகுதியை மட்டும் கழற்றி உள்ளே பார்க்க அனுமதி கேட்டுச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்; ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். கொத்தனாரிடம் திங்கட்கிழமை காலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.