காகிதம் ஒட்டிய வட்டம்

பழைய காரில் வேறு இன்ஜினை இறக்கும்போது எல்லார் கண்ணும் இன்ஜின் மேலேயே இருக்கும். மவுண்டிங் பொருந்துகிறதா, கியர்பாக்ஸ் சேருகிறதா, ஸ்டியரிங்கில் இடிக்கிறதா என்று நாள் கணக்கில் பார்ப்போம். இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் பேச்சு கடைசியில்தான் வரும். ஒரு வண்டியில் பட்ட பாட்டுக்குப் பிறகு நான் அந்த வரிசையை மாற்றிக்கொண்டேன்.

அந்த வண்டியில் இருந்த நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்தோம். நீளம் கூடியதில் முன்பக்க இடம் போய்விட்டது. தண்ணீர் பம்பில் மாட்டியிருந்த ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை ஒட்டி ஒல்லியான எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றை மாட்டினோம். சாலையில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கும். சிக்னலில் நின்றால் மேலே ஏறும். ரேடியேட்டர் போதவில்லை என்று நினைத்து, அதே அகலத்தில் தடிமனான கோர் (தண்ணீர்க் குழாய்களும் தகடுகளும் உள்ள நடுப்பகுதி) போட்டேன். நிற்கும்போது முன்பைவிட மோசமானது. தடித்த கோர் வழியே காற்றை இழுக்க அந்தச் சின்ன ஃபேனால் முடியவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். வேகமாக நெடுநேரம் ஓட்டும்போது சூடேறினால் ரேடியேட்டரின் அளவையோ தண்ணீர் ஓட்டத்தையோ சந்தேகிக்கலாம். நிற்கும்போது மட்டும் ஏறினால் பெரும்பாலும் குறை காற்றில்தான். ஃபேனை ஓடவிட்டு, கிரில் பக்கமிருந்து ஒரு காகிதத்தைக் கோர் மேல் வைத்தேன். இறக்கைக்கு நேராக உள்ள வட்டத்தில் சட்டென்று ஒட்டியது. மூலைக்கு நகர்த்தியதும் வழுக்கிக் கீழே விழுந்தது. கோரில் பாதி சும்மா இருந்திருக்கிறது!

தகரத்தை வளைத்து, கோர் முழுவதையும் மூடுகிற மாதிரி ஷ்ரவுட், அதாவது ஃபேனுக்கு ஒரு கூடு, செய்தேன். ஃபேனைக் கோரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தேன். ரேடியேட்டரைச் சுற்றியிருந்த சந்துகளை ரப்பர் பட்டையால் அடைத்தேன். சுலபமான வழி கிடைத்தால் காற்று கோருக்குள் ஏன் நுழையப் போகிறது? மறுபடி வைத்தபோது காகிதம் மூலையிலும் ஒட்டிக்கொண்டது. அன்று மாலை நெரிசலில் முள் அசையவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரேடியேட்டர் மூடியையும் சொல்ல வேண்டும். 15 பிஎஸ்ஐ அழுத்தம் வரை பிடித்துவைக்கும் மூடி போட்டால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அதற்காகக் குறைந்த அழுத்தத்துக்குச் செய்த பழைய பித்தளை ரேடியேட்டரில் அதை மாட்டினால் ஈயப்பற்று விட்டுப்போகும்.

இப்போதெல்லாம் இன்ஜின் சங்கிலியில் தொங்கும்போதே அட்டையில் ஒரு ரேடியேட்டர் வெட்டி முன்னால் நிறுத்திவிடுகிறேன். இடம் கொள்ளும் மட்டும் அகலமாக, உயரமாக. ஹோஸ் வாய்கள் எந்தப் பக்கம் என்று பேனாவால் குறிக்கிறேன். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் ஆடும் என்பதால் அதற்கும் இடம் விடுகிறேன். சூட்டில் விரியும் தண்ணீருக்கான எக்ஸ்பான்ஷன் டாங்க் இன்ஜினைவிட உயரமாக நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் சிலிண்டர் ஹெட்டில் காற்று தங்கிவிடும். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் மவுண்டிங்கை வெல்டிங் செய்யச் சொல்கிறேன்.