ஆஸ்பத்திரி சாக்கடைல ஃபேஜ் தேடுன அனுபவம்

ஐசியூ பேஷண்ட்ட இருந்து எடுத்த கிளெப்சியெல்லாங்கிற ஒரு பாக்டீரியாலதான் என் பிஎச்டி ஆரம்பிச்சுது. ரிப்போர்ட்ல மெரோபெனம்ங்கிற வலுவான ஆன்டிபயாடிக் வரைக்கும் வரிசையா ரெசிஸ்டன்ட், அதாவது எதுவும் அதுமேல வேல செய்யாது, மிச்சம் கொலிஸ்டின்தான், அது கிட்னிய கெடுக்கும்னு பல வருஷம் ஒதுக்கி வச்சிருந்த மருந்து. சென்னை ஆர்க்கிட் கம்பெனி கண்டுபிடிச்ச என்மெட்டாசோபாக்டம் சேர்ந்த மருந்துக்கு 2024ல அமெரிக்காவுல அப்ரூவல் கிடைச்சப்ப லேப்ல எல்லாருக்கும் அவ்ளோ பெருமை, ஆனா எங்க கிருமில ஆன்டிபயாடிக்க உடைக்கிற என்டிஎம்ங்கிற என்சைம் இருந்துச்சு, அதுகிட்ட இந்த மருந்து எடுபடாது.

அதான் ஃபேஜ் பக்கம் போனோம். பாக்டீரியாவ மட்டும் தாக்குற வைரஸ், 1917லயே டிஹெரெல்ங்கிற விஞ்ஞானி பேர் வச்சாச்சு. கிருமி எங்க நெறைய இருக்கோ அங்கதான் அதோட ஃபேஜும் இருக்கும், அதனால ஆஸ்பத்திரி கழிவுநீர் பம்ப் ஹவுஸுக்கு போனேன். அங்க இருந்த அண்ணன் "இதுலயாம்மா மருந்து தேடுற?"ன்னு கேட்டுட்டு அவரே பாட்டில கயித்துல கட்டி இறக்கி குடுத்தாரு.

தண்ணிய சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, 0.22 மைக்ரான் ஃபில்டர்ல விட்டு, வளர்ற கிருமியோட கலந்து ஒரு ராத்திரி 37 டிகிரில வைக்கணும், மறுநாள் திரும்ப ஃபில்டர் பண்ணி, கிருமியோட சேத்து சாஃப்ட் அகார்ங்கிற இளகின ஜெல்லில கலந்து பிளேட்ல ஊத்தணும். இந்த சாஃப்ட் அகார்தான் என்ன படுத்திடுச்சு, சூடா ஊத்துனா கிருமி செத்துரும், ஆற விட்டா கட்டி கட்டியா ஆயிடும். நாலு தடவ ஒண்ணுமே வரல. அஞ்சாவது தடவ காலைல இன்குபேட்டர தொறந்தா பிளேட்ல குட்டி குட்டியா ஓட்டை, அதெல்லாம் ஃபேஜ் கிருமிய கொன்ன இடம், சுத்தி மங்கலா ஒரு வளையம், கிருமியோட மேலுறைய கரைக்கிற என்சைம் ஃபேஜ்ல இருந்தா அப்டி வரும். கை நடுங்கிடுச்சு எனக்கு.

சுத்தப்படுத்தி 30 கிளெப்சியெல்லா மேல போட்டு பாத்தா 4 மட்டும்தான் செத்துச்சு. மேலுறைலயே 70க்கு மேல வகை இருக்கு, நம்ம ஃபேஜுக்கு ஒரு வகைதான் தெரியும். அந்த நாலுலயும் ஒண்ண ஃபேஜோட டியூப்ல விட்டா சாயங்காலம் தெளிஞ்சுது, மறுநாள் காலைல திரும்ப கலங்கிடுச்சு, மேலுறைய உதறிட்டு தப்பிச்சது வளந்திருக்கு.

தப்பிச்ச அந்த கிருமியவே எடுத்துக்கிட்டு திரும்பவும் பம்ப் ஹவுஸுக்கு போனேன்... ரெண்டு மாசம் கழிச்சு அத கொல்ற ஃபேஜ் ஒண்ணு கிடைச்சுது. ரெண்டையும் சேத்து போட்ட டியூப் 24 மணி நேரம் தாண்டியும் தெளிவா நின்னுச்சு. இப்ப செத்த கிருமில இருந்து ஃபேஜோட கலந்து வர்ற எண்டோடாக்ஸின்ங்கிற நச்ச வெளியேத்துற வேல நடக்குது, அது முடியாம எலிக்கு கூட ஊசி போட முடியாது.