பிசினஸ் அனலிட்டிக்ஸ் எடுக்கலாமா?

கோத்தகிரிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்றால் வியாபார எண்களை அலசி முடிவெடுக்க உதவும் படிப்பு. எடுக்கலாம், ஆனால் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டாதீர்கள்.

முதலில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். புள்ளியியல், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), எக்செல், பவர் பிஐ (எண்களை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்), கொஞ்சம் பைத்தான் (நிரல் மொழி) என்று பருவத்துக்குப் பருவம் வந்தால் நல்லது, அதை விட்டுவிட்டு பழைய பி.காம் பாடங்களோடு பேருக்கு இரண்டு தாளை ஒட்டியிருந்தால் அந்தக் கூடுதல் ஃபீஸ் வீண்.

வேலை என்ன என்றால், நம் ஊர் உதாரணமே போதும். குன்னூரில் வாரந்தோறும் தேயிலை ஏலம் நடக்கிறது. எந்த ரகம் விற்றது, எது தேங்கியது, மழைக்குப் பிறகு விலை ஏன் சரிந்தது, அடுத்த மாதம் தொழிற்சாலை பசுந்தேயிலைக்கு எவ்வளவு கொடுத்தால் கட்டுப்படியாகும் என்று எண்களை வைத்து முதலாளிக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் வேலை. வங்கி, மருத்துவமனை, ஆன்லைன் கடை எதுவானாலும் கிட்டத்தட்ட இதேதான்.

ஆரம்பத்தில் எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ், ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட் மாதிரி, நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும் வேலைகள்தான் கிடைக்கும், நாள் முழுக்க எக்செல். டேட்டா சயின்டிஸ்ட் சம்பளத்தைக் காட்டி சேர்க்கை பிடிக்கிறவர்களை நம்பாதீர்கள், அதற்குக் கணிதம் இன்னும் ஆழமாக வேண்டும்.

கணிதம் பிடிக்கும், ஆனால் மலையை விட்டு இறங்க வசதியில்லையா? சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பை, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் ஒரு பட்டம் படித்துக்கொண்டே முயலலாம். தகுதித் தேர்வுக் கட்டம் உண்டு, ஜேஇஇ கட்டாயமில்லை.